நாற்காலிகளைத் தேடி ஒரு வியாழக்கிழமை

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து குரோம்பேட்டைக்குப் போக மூன்று வழிகள் உண்டு. மூன்றுமே தப்பான வழிகள். செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று உள்ளே புகுந்து போனால் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருக்கும். தாம்பரம் சுற்றிச் சாலையிலேயே போனால் ஜி.எஸ்.டி. சாலையில் அரை நாள் நிற்க வேண்டும். கிழக்குத் தாம்பரம் வரை பேருந்தில் போய், நடைமேம்பாலம் ஏறி இறங்கி, ரயில் பிடித்தால் முழங்கால் போய்விடும். என் ஸ்கூட்டர் மெக்கானிக் வீட்டில் படுத்திருந்ததால் மூன்றாவது வழியில்தான் அந்த வியாழக்கிழமை கிளம்பினேன். இந்தப் பக்கத்துக்கு யாரும் சுற்றுலா வருவதில்லை. நான் ஒரே நாளில் இதை முழுவதுமாகச் சுற்றிப் பார்த்தவள் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

போன காரியத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் நாற்காலி பழுது பார்ப்பவள். அலுவலகத்தில் போட்டிருப்பார்களே, சுழல் நாற்காலி, அதுதான். உட்கார்ந்தால் தானாகக் கீழே இறங்கும், சாய்ந்தால் கத்தும், ஒரு சக்கரம் மட்டும் சுற்றமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதையெல்லாம் எடுத்துவந்து சரிசெய்து, பஞ்சும் துணியும் மாற்றித் திருப்பிக் கொடுப்பேன். முன்பு ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். ஒரு சக்கரம் போனதற்காக முழு நாற்காலியைக் கழித்துக் கட்டுவதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துதான் வேலையை விட்டு இதை ஆரம்பித்தேன். சேலையூர் காம்ப் ரோடு பக்கம் ஒரு ஷெட். அதில் தையல் மெஷினோடு அன்வர் பாய். அவரும் நானும் சேர்ந்ததுதான் கம்பெனி.

ஷெட்டுக்குச் சொந்தக்காரர் எஸ்தர் டீச்சர், பள்ளியிலிருந்து ஓய்வுபெற்றவர். தண்ணீர் கேன் வியாபாரம் செய்கிற ஒருவர் அந்த ஷெட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். டீச்சருக்கு என்னை அனுப்ப மனசில்லை. ஆனால் வேலை வரத்துக் குறைந்துபோய், வைத்துக்கொள்வதா விடுவதா என்று நான்தான் இரண்டு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தேன். "வியாழக்கிழமை சாயங்காலம் ஜெபக் கூட்டத்துக்குக் கிளம்பறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிடும்மா. அவருக்கும் நான் பதில் சொல்லணும்," என்றார். ஒரு பெரிய வேலை கிடைத்தால் ஷெட்டை வைத்துக்கொள்வது, இல்லையென்றால் பூட்டிவிட்டுப் பழைய கம்பெனிக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். அங்கே இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மறுபடியும் நாற்காலிகளைக் கழித்துக் கட்டும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அன்வர் பாய்க்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

காலை ஆறு மணிக்கு லிஃப்டில் ஏறினேன். எதிர் வீட்டுச் சஞ்சனா அம்மாவும் ஏறினார். எங்கள் கட்டடத்தில் ஒரு மாடிக்கு இரண்டே வீடு. நாலாவது மாடியில் அவர் வீடும் என் வீடும். எல்லா வியாழக்கிழமையும் இதே நேரத்துக்கு, கஞ்சி போட்ட காட்டன் புடவையில் கிளம்புவார். வியாழக்கிழமை என்றால் பாபா கோயில், கேட்கவே வேண்டாம். எனக்கு அவரைப் பார்த்தால் லேசாகப் பொறாமை. நிம்மதியாகச் சாமி கும்பிடப் போகிறார். நான் போய் யார் யாரிடமோ பல்லைக் காட்ட வேண்டும். "போயிட்டு வாங்க கெவின் அம்மா," என்றார். கெவின் என் மகன். "நீங்களும் போயிட்டு வாங்க," என்றேன். அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேடவாக்கம் பக்கம் போனார். நான் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

பேருந்தில் பெண்களுக்குக் காசில்லை, அதனால் உட்கார இடமும் இல்லை. கிழக்குத் தாம்பரம் நாலு கிலோமீட்டர். சேலையூரைத் தாண்டியதும் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஒரே பள்ளத்தைத் தவிர்க்கப் பார்ப்பதால், அந்த நேரத்திலும் ஊர்ந்துதான் போனோம். நடைமேம்பாலத்தில் எனக்கு முன்னால் ஒரு கல்லூரிக் கூட்டம் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு நிமிடம் என்று ஏறியது. ரயில் டிக்கெட் ஐந்து ரூபாய். சானடோரியம், அடுத்தது குரோம்பேட்டை. இரண்டே ஸ்டேஷனுக்குள் என் காலை மூன்று பேர் மிதித்தார்கள்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்த ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில்தான் எங்கள் சங்கம் கூடுகிறது. சிறுதொழில் செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர்களை அறிமுகம் செய்து வைத்து முன்னேறுவதற்காக ஏற்பட்ட சங்கம். ஒரு தொழிலுக்கு ஒரே ஆள் என்பது சட்டம். கழுத்தில் பெயர் அட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். கைகுலுக்கும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். காலைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரு கூட்டத்துக்கு ஐநூறு ரூபாய். இரண்டு இட்லி, ஒரு வடை, பொங்கல் என்ற பெயரில் ஒன்று.

சாப்பிட்டதும் ஒவ்வொருவராக எழுந்து ஒரு நிமிடம் பேச வேண்டும். நிமிடம் முடிந்தால் தலைவர் மணி அடிப்பார். "உங்கள் நாற்காலிக்கு இடுப்பு வலியா? கூப்பிடுங்கள், நாற்காலி டாக்டர் ரெஜினாவை." இதை நான் எழுதவில்லை. சங்கத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் எழுதிக் கொடுத்தது. ஒவ்வொரு வியாழனும் இதைச் சொல்லும்போது கெவின் பக்கத்தில் இல்லாததற்கு மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொள்வேன். சொல்லி முடித்ததும் பலமாகக் கைதட்டினார்கள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எல்லோரும் அவரவர் ஒரு நிமிடத்தை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். நானும் மற்றவர்கள் பேசும்போது அப்படித்தான் இருந்தேன். ஒன்றரை வருடமாகப் பக்கத்தில் உட்காருகிறவர் சோலார் பேனல் விற்கிறாரா, சோலார் ஹீட்டர் விற்கிறாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கடைசியில் லீட் கொடுக்கும் படலம். லீட் என்றால், 'இவரைப் போய்ப் பாருங்கள், உங்களுக்கு வேலை கொடுப்பார்' என்று ஒரு ஆளைக் காட்டிவிடுவது. வாரம் ஒன்றாவது கொடுத்தே ஆக வேண்டும். இல்லாதவர் எழுந்து நின்று, "இந்த வாரம் நான் யாருக்கும் உதவவில்லை," என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த அவமானத்துக்குப் பயந்து கையில் அகப்பட்ட பெயரைக் கொடுத்துவிடுவார்கள். போன வாரம் நானே கேட்டரிங்காரருக்கு என் அண்ணன் மகள் கல்யாணத்தைக் கொடுத்தேன். அவள் பத்தாவது படிக்கிறாள்.

அன்றைக்கு எனக்கு லீட் கொடுத்தவர் இன்சூரன்ஸ் மோகன். மேடையில் பேசுகிற குரலில், "ரெஜினா மேடத்துக்கு ஒரு சூப்பர் லீட். வண்டலூர்ல ஸ்ரீதர்னு ஒருத்தர், சொந்தமா ஆபீஸ் வச்சிருக்கார். இன்னைக்கே பதினோரு மணிக்கு வரச் சொல்லிட்டேன்," என்றார். மறுபடியும் கைதட்டல்.

"எத்தனை சேர் இருக்கும் சார்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நேர்ல பேசிக்கலாம் மேடம். முதல்ல ரிலேஷன்ஷிப். பிசினஸ் பின்னாடியே வரும்."

பின்னாடி வர நேரமில்லை, சாயங்காலத்துக்குள் வர வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

குரோம்பேட்டையிலிருந்து வண்டலூருக்கு அதே ஐந்து ரூபாய். வந்த வழியே சானடோரியம், தாம்பரம், பிறகு பெருங்களத்தூர். செங்கல்பட்டு வண்டி அரை மணி நேரம் தாமதம். ஸ்டேஷனுக்கு வெளியே மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகக் கைகோத்துக்கொண்டு மிருகக்காட்சிச் சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்காவது எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்திருந்தது.

ஸ்ரீதரின் முகவரி உள்ளே இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றிருபது கேட்டார்.

"ரெண்டு கிலோமீட்டருக்கா?"

"இன்னா மேடம், அந்தாண்ட ரோடு முச்சூடும் தோண்டிப் போட்டுக்கினு கீறான். சுத்திக்கினுதான் போவணும். உனக்கோசரம் நூறு குடு."

நூறு ரூபாய்க்கு அவர் சுற்றிக்கொண்டு போகவில்லை. தோண்டிய ரோட்டிலேயே விட்டார். "பேஜாரா கீதில்ல?" என்று அவரே திரும்பிப் பார்த்துக் கேட்டார். என் இடுப்பு ஒத்துக்கொண்டது.

ஒரு மருந்துக் கடை மாடியில் ஒரே அறை. அதில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். பிளாஸ்டிக் நாற்காலியில் நான் பழுது பார்க்க ஒன்றும் கிடையாது, உடைந்தால் உடைந்ததுதான். வாசலிலேயே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் ஸ்ரீதர் எழுந்துவந்து, கண்ணைப் பார்த்துக் கைகுலுக்கினார். அந்தக் குலுக்கலிலேயே தெரிந்துவிட்டது, இவரும் ஏதோ ஒரு சங்கத்தில் பணம் கட்டியவர்தான். மேஜையில் விரல் வைத்து வருகை பதிகிற மெஷின் ஒன்று விளக்கு எரிந்துகொண்டு தயாராக இருந்தது. டீ வந்தது.

"சொல்லுங்க மேடம், உங்க கம்பெனில மொத்தம் எத்தனை ஸ்டாஃப்?"

"ரெண்டு பேர் சார்."

"எண்பது பேர்னு மோகன் சார் சொன்னாரே."

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலை. சேர் எல்லாம் எங்க சார் இருக்கு?"

"எந்த சேர்?"

என் விசிட்டிங் கார்டை அவர் எடுத்துப் படித்தார். அவருடையதை நான் படித்தேன். நான் மெஷின் வாங்க வருகிறேன் என்று அவரிடமும், அவர் நாற்காலி கொடுக்கப் போகிறார் என்று என்னிடமும் சொல்லியிருக்கிறார் மோகன். ஒரே சந்திப்பில் அவருக்கு இரண்டு லீட் கணக்கு.

"போன வாரம் உங்க மீட்டிங்குக்கு மட்டம் போட்டுட்டு எங்க கிளப்புக்கு கெஸ்ட்டா வந்தார். என் கையைப் பிடிச்சிக்கிட்டு விடவே இல்லை. அப்பவே யோசிச்சிருக்கணும்," என்றார் ஸ்ரீதர்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் டீயை வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். காலில் தெம்பில்லாததால் உட்கார்ந்திருந்தேன். விற்பதற்கு இருவரிடமும் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டதால் பேச்சு தானாகவே சாதாரணமாகிவிட்டது. உண்மையாகவே நாற்காலியைப் பழுது பார்க்க முடியுமா, புதிது வாங்குவதுதானே எல்லோரும் செய்வது என்று கேட்டார். நாற்காலியில் எது போகும், எது போகாது என்று சொன்னேன். ஷெட்டைப் பற்றியும் சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டிய முடிவைப் பற்றியும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இரண்டு மாதமாகச் சங்கத்தில் ஒருவரிடமும் சொல்லாதது அது. அங்கே எல்லோரும் 'பிசினஸ் சூப்பரா போகுது' என்றுதான் சொல்ல வேண்டும்.

ஸ்ரீதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இருங்க மேடம். எங்க கிளப்ல அனுராதான்னு ஒருத்தங்க. மேடவாக்கத்துல அக்கவுன்ட்ஸ் ஆபீஸ் வச்சிருக்காங்க. போன மாசம் மெஷின் மாட்டப் போயிருந்தேன். இருபத்தாறு சேர். ஒருத்தர் திரும்பினா போதும், ஹால் முழுக்கக் கத்துது. அவங்களே தலையில கை வச்சிக்கிட்டு, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணும்னு சொல்லிட்டிருந்தாங்க. நான் கண்ணால பார்த்தது மேடம், இது மோகன் லீட் இல்லை."

அவரே போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, என்னிடம் கொடுத்தார். உடனே எனக்குச் சங்கத்துக் குரல் வந்துவிட்டது. "ஹலோ மேம், திஸ் இஸ் ரெஜினா, ஃப்ரம் ரெஜி சேர் கேர்." அந்தப் பக்கமும் அதே தோரணை. "யெஸ், அனுராதா ஹியர். மூணு மணிக்கு ஆபீஸ் வர முடியுமா?" அழைப்பை முடித்து எண்ணைச் சேமித்துக்கொண்டேன். ஸ்ரீதருக்குப் பதிலுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. அவரும் கேட்கவில்லை. கீழே வந்து பஸ் நிற்கும் இடம் வரை ஸ்கூட்டரில் கொண்டுவிட்டார்.

தாம்பரத்தில் நாற்பது ரூபாய்க்கு ஒரு லெமன் சாதப் பொட்டலம். நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, கிழக்குப் பக்கம் வந்து மேடவாக்கம் போகும் பேருந்தில் ஏறினேன். சேலையூர் தாண்டி ராஜகீழ்ப்பாக்கத்தில் பேருந்து நின்றது. என் தெரு முனை, இஸ்திரி வண்டி, இளநீர்க் கடை எல்லாம் ஜன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் இருந்தன. இறங்கி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் போல இருந்தது. காலையில் அங்கிருந்து கிளம்பி, குரோம்பேட்டை, வண்டலூர் என்று போய், இப்போது அதே இடத்தைக் கடந்து எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறேன். கௌரிவாக்கம், செம்பாக்கம், சந்தோஷபுரம். சந்தோஷபுரம் என்ற பலகையைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

மேடவாக்கத்தில் மெட்ரோ வேலைத் தடுப்புகளுக்கு நடுவே சாலையைக் கடக்கவே ஒரு தனி ஆயுள் வேண்டும். அலுவலகம் இரண்டாவது மாடி. கதவைத் திறந்ததுமே கேட்டது. ஸ்ரீதர் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. யாரோ ஒருவர் பேனா எடுக்கக் குனிந்தார், நாற்காலி கிறீச்சிட்டது. அதைக் கேட்டுப் பக்கத்து ஆள் திரும்பினார், அதுவும் கிறீச்சிட்டது. என் தொழிலில் இதைவிட இனிமையான சத்தம் கிடையாது.

"மேடம் கிளம்பிட்டாங்களே," என்றார் வரவேற்பில் இருந்த பெண். "அவங்க பொண்ணுக்கு ஸ்கூல்ல திடீர்னு காய்ச்சல். கூட்டிட்டுப் போகச் சொல்லி போன் வந்தது."

காலியாக இருந்த ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்க அனுமதி கேட்டேன். இருக்கைக்கு அடியில் நாலு போல்ட்டும் தளர்ந்து, எண்ணெய் கண்டு வருடக்கணக்காகியிருந்தது. அவ்வளவுதான். இருக்கையை ஏற்றி இறக்கும் சிலிண்டர் நன்றாகவே இருந்தது. இன்னும் இரண்டு மூன்றைப் பார்த்தேன், எல்லாம் அதே கதை. இதையெல்லாம் தூக்கிப் போடப் போகிறார்களாம். வயிறு பழையபடி எரிந்தது.

வெளியே வந்து அனுராதாவுக்கு போன் செய்தேன்.

"ரியலி சாரி மேம். டாட்டருக்கு ஃபீவர். வீ வில் மீட் டுமாரோ?"

"ஷ்யூர் மேம்," என்றுதான் சொல்ல வேண்டும். சங்கத்தில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள், எதிராளியை நெருக்கக் கூடாது என்று. ஆனால் வாயில் வேறு வந்தது. "மேடம், நாளைக்குன்னா எனக்கு ஷெட் இருக்காது. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். உங்க சேர் எதையும் தூக்கிப் போட வேண்டாம் மேடம், நான் இப்பதான் பார்த்தேன். எல்லாம் நல்ல சேர்."

இந்தமுறை முழுக்கத் தமிழில், "பொண்ணு தூங்கிட்டிருக்கா. அஞ்சரைக்கு வீட்டுக்கே வாங்க. லொகேஷன் அனுப்பறேன், பக்கத்துல வந்துட்டு போன் பண்ணுங்க," என்றார்.

லொகேஷன் வந்தது. திறந்து பார்த்தால் ராஜகீழ்ப்பாக்கம். அவ்வளவுதான் பார்த்தேன். போனில் சார்ஜ் சாகக் கிடந்ததால் அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். வந்த கோபத்துக்கு அளவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க நான் வண்டலூர் போய், மேடவாக்கம் வந்து, திரும்பி ராஜகீழ்ப்பாக்கம் போக வேண்டும். இதற்குச் சங்கத்தில் சந்தா வேறு.

திரும்பும் பேருந்தில் நிற்கவும் இடமில்லை, தொங்கவும் இடமில்லை. கண்டக்டர், "உள்ள போம்மா, உள்ள காலியாத்தான் இருக்கு," என்று பொய் சொல்லிக்கொண்டே வந்தார். செம்பாக்கத்தில் ஒரு லாரி குறுக்கே நின்று கால் மணி நேரம் போனது. இறங்கும்போது ஐந்தரை தாண்டிவிட்டது. எஸ்தர் டீச்சர் இந்நேரம் வேதாகமத்தைப் பையில் வைத்துக்கொண்டிருப்பார்.

போனை எடுத்து வழியைப் பார்த்தேன். நீலக் கோடு என் தெருவுக்குள் போனது. நம் தெருவிலேயே யாரோ என்று நினைத்துக்கொண்டேன். இஸ்திரி வண்டியைத் தாண்டியது. இளநீர்க் கடையைத் தாண்டியது. என் அபார்ட்மென்ட் வாசலில் வந்து, சேருமிடம் வந்துவிட்டதாகச் சொல்லி நின்றுவிட்டது. அந்தக் கோபத்திலேயே போன் செய்தேன்.

"மேம், நீங்க அனுப்பின லொகேஷன் தப்புன்னு நினைக்கறேன். அது எங்க..." என்று ஆரம்பித்தேன்.

"தப்பில்லையே மேம். க்ரீன் கேட் தெரியுதா? அதேதான். லிஃப்ட்ல நாலாவது மாடி வந்துடுங்க. லெஃப்ட் சைடு."

நான் பச்சை கேட்டைப் பார்த்தேன். செக்யூரிட்டி எழுந்து வழக்கம்போல வணக்கம் வைத்தார். லிஃப்டில் ஏறினேன். நாலாவது மாடியில் இறங்கி வலது பக்கம் திரும்பினால் என் வீடு. இடது பக்கம் ஒரே ஒரு வீடுதான். மணியை அடித்தேன்.

சஞ்சனா அம்மா கதவைத் திறந்தார். நைட்டியும் துப்பட்டாவும், கையில் தெர்மாமீட்டர். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "கெவின் அம்மா, சாரி, ஆபீஸ் விஷயமா ஒருத்தங்க மேல வந்துட்டிருக்காங்க. மோட்டார் விஷயம்னா அப்புறம் பேசலாமா?" என்றார்.

"நான்தாங்க அது," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. என் கார்டை எடுத்து நீட்டினேன். படித்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் கார்டைப் படித்தார்.

"நீங்கதான் ரெஜினாவா?"

"நீங்கதான் அனுராதாவா?"

ஒன்பது வருடம். நவராத்திரிக்கு அங்கிருந்து சுண்டல் வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து கேக் போகும், தட்டு காலியாகத் திரும்பாது. இன்றைக்குத் தண்ணீர் வருமா, லிஃப்ட் எப்போது சரியாகும் என்று பேசியிருக்கிறோம். நான் கெவின் அம்மா, அவர் சஞ்சனா அம்மா. அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவிலும் அவர் பெயர் அப்படித்தான் இருக்கும். என் போனில் அந்த எண் ஒன்று, தொழிலுக்காக அவர் வைத்திருக்கும் போனே வேறு, அதன் எண்ணும் வேறு. 'வேலைக்குப் போறீங்களா?' என்று ஒருமுறை கேட்டுக்கொண்டோம். ஆமாம், ஆமாம் என்று முடிந்துவிட்டது. பிள்ளைகளின் மார்க்கைத் தவிர வேறெதையும் கேட்பது மரியாதையில்லை என்று யார் எங்களுக்குச் சொன்னார்களோ.

"வியாழக்கிழமைன்னா நீங்க பாபா கோயிலுக்குப் போறீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றேன்.

"கோயிலா? நான் கிளப் மீட்டிங்குக்குப் போவேன். மேடவாக்கத்துல. நீங்கதான் பூசைக்குப் போறீங்கன்னு நினைச்சேன். சஞ்சனா அப்பாகிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா, என்ன பக்தி பாருங்க, மழைன்னாலும் நிக்கறதில்லைன்னு."

அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், ஆனால் எனக்கு அழுகைதான் வந்தது. வாரா வாரம் ஒரே லிஃப்டில், ஆளுக்கொரு பெயர் அட்டையைக் கைப்பையில் மறைத்து வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களின் கண்ணைப் பார்த்துக் கைகுலுக்கப் போயிருக்கிறோம். லிஃப்டில் மட்டும் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அவருடைய நாற்காலிகள் ஆறு கிலோமீட்டரில் கத்திக்கொண்டிருக்கின்றன, என் ஷெட் காலியாகக் கிடக்கிறது. இதைச் சேர்த்து வைக்க வண்டலூரில் மெஷின் விற்கிற ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது, அவர் மேலும் கொஞ்சம் வந்தது.

"அழாதீங்க, உள்ள வாங்க முதல்ல," என்றார் அனுராதா.

சோபாவில் சஞ்சனா போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். "ஆன்ட்டி, கேக்கா?" என்றாள் கண்ணைத் திறக்காமலே. காபி வந்தது. ஒரு நிமிடப் பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. பன்னிரண்டு நாற்காலிகளை முதலில் எடுத்துப் போகிறேன், அவை திரும்பியதும் மற்றவை, ஆட்கள் நின்றுகொண்டு கணக்குப் பார்க்க முடியாதில்லையா என்றேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டார், சொன்னேன். புதிது வாங்கினால் ஆவதை அவர் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஷெட்டுக்கு யார்கிட்டயோ சொல்லணும்னீங்களே, முதல்ல போய்ச் சொல்லுங்க. மணியாகுது. உங்க கணக்கெல்லாம் யார் பார்க்கறா?" என்றார்.

"யாரும் பார்க்கலை. அதுதான் பிரச்சினையே."

"அப்ப நாளைக்குக் கொண்டு வாங்க," என்றார். கதவைச் சாத்தாமலே நின்றார்.

நான் வெளியே வந்து, இரண்டு வீட்டுக் கதவுகளுக்கும் நடுவில் நின்று எஸ்தர் டீச்சருக்கு போன் போட்டேன். உடனே எடுத்தார். பின்னால் ஆட்டோ சத்தம். கிளம்பிவிட்டார்.

"டீச்சர், ஷெட்டை யாருக்கும் குடுத்துடாதீங்க. நான் வச்சுக்கறேன்."

"ஸ்தோத்திரம். வேலை கிடைச்சுதா? பெரிய வேலையா?"

"ஆமா டீச்சர். இருபத்தாறு சேர்."

"காலையிலேர்ந்து அலைஞ்சிட்டிருந்தியே, அன்வர் சொன்னாரு. குரோம்பேட்டைங்கறாரு, வண்டலூருங்கறாரு. எங்கம்மா கிடைச்சுது?"

நான் எதிர் வீட்டு வாசலைப் பார்த்தேன். ஒன்பது வருடமாகப் பார்க்கிற அதே கோலம், அதே செருப்பு ஸ்டாண்ட். அனுராதா கதவைப் பிடித்துக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க எதிர் வீட்டுல டீச்சர்."

டீச்சர் வகுப்பில் தப்பான விடை சொன்ன பிள்ளையிடம் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டார். "அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு தூரம் போனே?"

"வழி தெரியலை டீச்சர்," என்றேன்.